மூன்று எண்ணும் நேரம்

...நான் நின்றேன், அவ்வளவுதான் வழக்கு, இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு ஒரு நொடி போதும், எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது, இன்றோடு நாலாவது வாய்தா, இன்னும் வாயைத் திறக்க விடவில்லை. பத்து மணிக்கு ஆஜராக வேண்டும் என்று சம்மனில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நான் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டேன், இப்போது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது, அது பத்து நிமிடம் முந்தி ஓடுகிற கடிகாரம், இந்தக் கட்டடத்தில் எது எப்படிப் பழுது என்று இங்கே சம்பளம் வாங்குகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கீழே வரி அலுவலகம், மேலே நீதிமன்றம், நீதிமன்றம் என்றால் தூண்களும் மணிக்கூண்டும் ஒன்றும் கிடையாது, ஒரு நீளமான ஹால், முன்னால் ஒரு மேடை, ஆறு பெஞ்சு, நான் எப்போது வந்தாலும் மாட்டிக்கொள்வது ஒரு கால் குட்டையான பெஞ்சில், குட்டைக் காலுக்கு அடியில் எவனோ காகிதத்தை மடித்துச் சொருகியிருக்கிறான், போன தடவை குனிந்து பார்த்தேன், அதுவும் ஒரு சம்மன்தான், யாரோ ஒரு அப்பாவியை வரச் சொன்ன காகிதம், அவன் வந்தானோ இல்லையோ காகிதம் மட்டும் வந்து பெஞ்சைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு பருத்த ஆள் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருக்கிறார், க்ளிங், க்ளிங், இந்த மாதிரி ஆள் இண்டிகேட்டர் போட மாட்டார், போட்டால் அணைக்க மாட்டார், பார்த்தாலே தெரிகிறது, மனிதர்களை எனக்கு வேறு விதமாகப் பார்க்கத் தெரியாது, இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், இந்த ஊரில் பாதிப்பேருக்குக் கியர் எது பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவன். அந்த என்னைத்தான், நிறுத்தக் கோட்டில் நிற்காமல் போனாய் என்று ஒரு போலீஸ்காரன் மடக்கி, சீட்டுக் கிழித்து, கையில் கொடுத்து, 'பாத்துப் போங்க சார்' என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினான். பாத்துப் போங்களாம். என்னிடம் சொல்கிறான்.

முதல் வாய்தாவுக்கு வந்தபோது படிவம் தவறு என்றார்கள், அபராதத்தை ஒத்துக்கொள்கிறவர்களுக்கு வெள்ளைப் படிவம், மறுக்கிறவர்களுக்கு மஞ்சள் படிவம், மஞ்சள் படிவம் தீர்ந்துவிட்டது, ஏன் தீர்ந்தது என்றால் யாரும் கேட்பதில்லையாம் அதனால் அச்சடிப்பதில்லையாம், யாரும் கேட்காத படிவம் எப்படித் தீரும் என்று நான் கேட்டதற்கு அந்த எழுத்தர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த புதன்கிழமை வாங்க மாஸ்டர் என்றாள். மாஸ்டராம். அவளும் என்னிடம் படித்தவள்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அரைக் கிளட்ச் என்று நான் பேர் வைத்திருந்தேன், கிளட்சை முழுசாக விடவும் மாட்டாள் முழுசாக மிதிக்கவும் மாட்டாள், பாதியில் தொங்கவிட்டு வண்டியை அழவைப்பாள், அதே பழக்கம்தான் இப்போது கோப்புகளோடும், எதையும் முடிக்கவும் மாட்டாள் விடவும் மாட்டாள். இரண்டாவது வாய்தாவில் போலீஸ்காரன் ஏதோ பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்று ஒத்திவைத்தார்கள், நான் வராவிட்டால் வாரன்ட், அவன் வராவிட்டால் பயிற்சி. மூன்றாவதில் எல்லோரும் வந்திருந்தோம், கோப்பு வரவில்லை, கோப்பு இன்னொரு கட்டடத்தில் இருந்ததாம், நடந்து போனால் ஆறு நிமிடம், நானே போய் எடுத்து வருகிறேன் என்றேன், அதற்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் போனை வாசலில் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடையில் கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள், எதையும் மூன்று நகல் கேட்கிறார்கள், கழிப்பறைச் சாவி அரைக் கிளட்சின் மேசையில் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் என் பழைய மாணவியிடம் போய் நின்று அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, இதற்கு மேல் ஒரு மனுஷனை எப்படி நோகடிப்பது என்று யோசித்தாலும் இவர்களுக்குத் தோன்றாது. இப்போதும் அங்கேதான் உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருக்கிறாள், ஊசியும் நூலுமாக, கோப்பின் முதுகை.

கட்டிட்டுப் போயிருக்கலாமே மாமா என்றான் மச்சான், என் மனைவியின் தம்பி, எதிலும் மூக்கை நுழைக்கிறவன், அவனுக்கு எல்லாமே கட்டிவிட்டுப் போகிற விஷயம்தான். மாடிப்படியில் நிற்கிற வக்கீலும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்கிறார், கோட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேலை தேடி வந்தவர் மாதிரி நின்றுகொண்டு, 'ஒத்துக்கிட்டா அஞ்சு நிமிஷம் சார், மறுத்தா அஞ்சு மாசம்' என்று. ஏழு மாதம் வக்கீல் சார், கணக்கிலும் தப்பு. கட்டினால் ஒத்துக்கொண்ட மாதிரி, ஒத்துக்கொண்டால் பதிவேட்டில் என் பேரில் ஒரு வரி ஏறும், வேறு யாருக்கும் அந்த வரியால் ஒன்றும் ஆகாது, எனக்கு இந்த மாதக் கடைசியில் பயிற்சி உரிமம் புதுப்பிக்க வேண்டும், விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி, கடந்த மூன்று ஆண்டுகளில் சாலை விதியை மீறியதாகத் தீர்ப்பு உண்டா, ஆம் என்றால் இரண்டு வருஷத்துக்கு நான் யாருக்கும் ஸ்டீயரிங்கைக் கற்றுக்கொடுக்கக் கூடாது. ஐம்பத்தொரு வயதில் இரண்டு வருஷம் நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு பிரேக் வைத்த வண்டியும், பயந்தவர்களை ரோட்டில் இறக்கிவிட்டுப் பக்கத்தில் பதறாமல் உட்கார்ந்திருப்பதும்தான், வேறு ஒரு வேலை தெரியாது, சுவரில் ஆணி அடித்தால்கூடக் கோணலாகப் போகும். இப்போதே மூன்று பேர் விலகி, புதிதாகத் திறந்திருக்கிறானே கண்ணாடிக் கதவு போட்டவன், அவனிடம் சேர்ந்துவிட்டார்கள், மாஸ்டருக்கே கேஸ் இருக்காமே என்று சொன்னார்களாம், மாஸ்டருக்கே. அதுதான் சுடுகிறது. உரிமம் போனால் போகட்டும் என்று நினைக்கிற நிமிடங்கள்கூட உண்டு, ஆனால் நான் நின்றேன், நின்றவனை நிற்கவில்லை என்று எழுதி வைப்பதற்கு இவர்கள் யார்?

இன்றைக்குக் காலையில் மனைவிதான் கொண்டுவந்து விட்டாள், இங்கே சுற்றிலும் வண்டி நிறுத்த இடம் இல்லை, நிறுத்தினால் அதற்கும் ஒரு சீட்டுக் கிழிப்பான்கள், அதற்கும் ஏழு மாதம் அலைய என்னால் முடியாது. எங்கள் சொந்த வண்டியில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் என் வலது கால் சும்மா இருக்காது, அது இருபத்திரண்டு வருஷப் பழக்கம், பள்ளி வண்டியில் அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, வீட்டு வண்டியில் கிடையாது, கால் அதைக் கேட்பதில்லை, முன்னால் ஒரு நாய் வந்தால் அழுத்தும், சிவப்பு விளக்கு வந்தால் அழுத்தும், அந்தப் பக்கத்துக் கால்மிதி மேட் மட்டும் தேய்ந்து ஓட்டையாகி இரண்டு தடவை மாற்றியாயிற்று, மேட் விற்கிறவன் உங்க வீட்ல டிரைவர் எந்தப் பக்கம் சார் உக்காருவாரு என்று கேட்டுச் சிரித்தான். மனைவிக்கு அது கல்யாணமான நாளிலிருந்து தீராத வேடிக்கை. இன்றைக்கும் என்னை மடக்கிய அந்தக் கிட்டங்கிச் சந்திப்பு நெருங்கும்போது என் கால் போய் மேட்டை மிதித்தது, அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, 'அங்க பிரேக் இல்லீங்க' என்றாள், வழக்கம்போல. நான் எரிந்துவிழுந்தேன், கோர்ட்டுக்குப் போகிற அன்றைக்காவது விட்டுத்தொலைக்கக் கூடாதா என்று, அவள் நிறுத்தக் கோட்டில் வண்டியை நிறுத்தினாள், முழுசாக, உதடு மட்டும் அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, நான் சொல்லிக்கொடுத்ததுதான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருந்தது. அந்தப் பழைய சரக்குக் கிட்டங்கியின் சுவர், அதன் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற தண்ணீர்க் குழாய், ஒழுகாமல் இருக்க எவனோ அதன் கழுத்தில் கட்டிய நீலத் துணி, முடிச்சு மேல்பக்கம், கை நீட்டினால் தொடலாம். என் சாட்சி. ஏழு மாதமாக நான் இவர்களிடம் சொல்லக் காத்துக்கொண்டிருக்கிற சாட்சி, இன்னும் அங்கேயே இருக்கிறது, எனக்கு அப்போது அப்படி ஒரு தெம்பு வந்தது, அவளிடம் கோபப்பட்டதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சாட்சி என்று ஏன் சொல்கிறேன் என்றால், இது என் தொழில் ரகசியம். நிறுத்தக் கோட்டில் நிற்காமல் போகிற எவனும் நிற்காமல் போனேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை, எல்லோரும் நின்றேன் என்றுதான் சொல்வார்கள், பொய் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புவார்கள், வேகம் குறைந்திருக்கும், மனசு நின்றிருக்கும், சக்கரம் நின்றிருக்காது. அந்தக் கிட்டங்கிச் சந்திப்பு இந்த ஊரிலேயே கெட்ட சந்திப்பு, சுவர் ரோட்டை மறைத்துக்கொண்டு நிற்கும், நின்று, மூன்று எண்ணி, ஊர்ந்து மூக்கை நீட்டினால்தான் வருகிற வண்டி தெரியும், அதனால்தான் ஒவ்வொரு மாணவனையும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன், எல்லாரையும் சேர்த்தால் அந்தக் கோட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை நிற்கிறவன் நான். நான் நின்னேன் மாஸ்டர் என்று சாதிக்கிறவனிடம் வாக்குவாதம் செய்ய மாட்டேன், ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், நின்னப்ப என்ன பாத்தே? நின்றவனுக்கு ஏதாவது தெரிந்திருக்கும், குழாய் தெரிந்திருக்கும், சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம் தெரிந்திருக்கும், மூன்று எண்ணுகிற நேரம் சின்ன நேரம் இல்லை, கண் எதையாவது பிடித்துக்கொள்ளும். நிற்காதவன் முழிப்பான். இதோ இந்த அரைக் கிளட்சே முழித்திருக்கிறாள், சத்தியமா நின்னேன் மாஸ்டர் என்று கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சாதித்தாள், நான் கேட்டேன், என்ன பாத்தே, அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், அப்புறம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஒரு அழுகை, பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்க, நான் அப்போதும் விடவில்லை, நின்னதா நெனச்சது நீ, வண்டி நிக்கல என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தக் கோட்டில் நிற்காமல் போனதே இல்லை, மூன்றாவது டெஸ்டில் பாஸாகிவிட்டாள். ஆகவே எனக்குத் தெரியும், நின்றவன் யார், நின்றதாக நினைத்தவன் யார் என்று, நான் குழாயைப் பார்த்தேன், நீலத் துணியைப் பார்த்தேன், முடிச்சு மேல்பக்கம், சீட்டுக் கிழித்த அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

வந்துவிட்டான். போலீஸ்காரன். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, தாமதமாக வந்த பையன் வகுப்புக்குள் நுழைகிற மாதிரி சுவரோரமாக வருகிறான், என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு வேறு, தெரிந்தவன் மாதிரி, ஆமாம் ஏழு மாதமாகத் தெரிந்தவன்தான், சொந்தக்காரர்களைக்கூட இத்தனை தடவை நான் பார்த்ததில்லை. முகத்தில் ஒரு பணிவு, அந்தப் பணிவுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அன்றைக்கும் இப்படித்தான், டயர்க் கடை நிழலிலிருந்து இறங்கி வந்து கையைக் காட்டினான், ஸாரி சார், வேகம் கொறஞ்சுது, ஆனா வண்டி நிக்கல என்றான், மெதுவாக, நோயாளியிடம் சொல்கிற மாதிரி, நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை, கத்தினேன், நான் யார் தெரியுமா என்று கேட்டேன், அதை மட்டும் கேட்டிருக்க வேண்டாம். மனைவியை மருந்துக்கடையிலிருந்து அழைத்துப்போக நேரமாகிவிட்டிருந்தது, அவள் வேலை முடிந்து வாசலில் நின்றுகொண்டு எங்க இருக்கீங்க என்று போன் பண்ணியிருந்தாள்... இவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது எங்கே, என்னிடம் இல்லை, என்னிடம் படித்தவனாக இருந்தால் இப்படிச் சாய்ந்து நிற்க மாட்டான். கூப்பிடுகிறார்கள். என் எண். நாற்பத்தேழு. பெஞ்சிலிருந்து எழுந்ததும் பருத்த ஆளின் பக்கம் தாழ்ந்து அவர் சாவி தரையில் விழுந்தது, எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

நீதிபதிக்கு ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே போலீஸ்காரனைச் சொல்லச் சொன்னார், அவன் சொன்னான், தேதி, நேரம், சந்திப்பு, வண்டி எண், வேகம் குறைந்தது, நிற்கவில்லை. நீதிபதி கேட்டார், நீ நின்ற இடத்திலிருந்து சக்கரம் தெரிந்ததா என்று. அவன் யோசித்தான். யோசிக்கிறான், ஏழு மாதம் அலையவைத்துவிட்டு இப்போது யோசிக்கிறான். டயர்க் கடைக்கு எதிரே ஒரு வேன் நின்றிருந்தது என்றான், முன்சக்கரம் கொஞ்ச நேரம் மறைந்தது என்றான், எவ்வளவு நேரம், ரெண்டு செகண்ட் மூணு செகண்ட் இருக்கலாம் ஐயா. ரெண்டோ மூணோ. எனக்குக் காது சூடாகிவிட்டது, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஏன் இங்கே வந்து கழிப்பறைச் சாவிக்குக் கையேந்துகிறேன். நீதிபதி என்னைப் பார்த்தார், முதல் தடவையாக ஒரு மனுஷனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், கைக்குட்டையைக் கீழே வைத்தார். அரைக் கிளட்ச் பேனாவோடு தயாராக இருந்தாள்.

'டிரைவிங் மாஸ்டர்னு போட்டிருக்கு. நீங்களே சொல்லுங்க, நின்னீங்களா?'

'நின்னேன் ஐயா. முழுசா நின்னேன். மூணு எண்ணினேன்.'

'எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?'

இதைத்தான் கேட்க வேண்டும், இதைக் கேட்பதற்காகத்தான் நான் ஏழு மாதம் செருப்புத் தேய நடந்தேன், நான் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன், ஒருத்தராவது என்னைக் கேட்க மாட்டாரா என்று இருந்தது. சொன்னேன். நிதானமாக, எழுத நேரம் விட்டு. சுவரின் அடியில் ஒரு தண்ணீர்க் குழாய், அதன் கழுத்தில் நீலத் துணி, முடிச்சு மேல்பக்கம், துணியின் ஒரு முனை நனைந்து கருத்திருந்தது, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சுண்ணாம்பு உரிந்து செங்கல் தெரிகிறது, ஓடுகிற வண்டியிலிருந்து இதையெல்லாம் பார்க்க முடியாது ஐயா, நின்றால்தான் தெரியும். எவ்வளவு கிட்ட என்றார் நீதிபதி. ஜன்னல் வழியா கைய நீட்டினா தொடலாம் என்றேன், கையை நீட்டியும் காட்டினேன். நீட்டினேன், கை இடது பக்கம் போனது, பள்ளி வண்டியில் நான் நீட்டுகிற பக்கம். காலையில் நீட்டியிருக்கக்கூடிய பக்கம். கையை மடக்கிக்கொண்டேன். நீதிபதி தலையாட்டினார், அவருக்குப் பிடித்துப்போயிருந்தது, விவரமாகச் சொல்கிறவர்களை இவர்களுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது, போலீஸ்காரன்கூட என்னை ஒரு மரியாதையோடு பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். சரி, சாட்சிக்குச் சந்தேகம் இருக்கு, இவர் தெளிவா சொல்றாரு, வாக்குமூலத்த வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குங்க, முடிச்சிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டார்.

முடிந்துவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன், ஒன்பதாவது கேள்விக்கு இல்லை என்று எழுதலாம், கண்ணாடிக் கதவுக்காரன் முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு போகலாம்... அன்றைக்கு நான் தனியாக வந்தேன். வீட்டு வண்டி. ஓட்டியது நான். ஓட்டுகிறவன் உட்காருகிற பக்கம் சுவர் இல்லை, சுவர் அந்தப் பக்கம், பக்கத்து சீட்டைத் தாண்டி, பக்கத்துக் கதவையும் தாண்டி, ஓட்டுகிறவன் சீட்டிலிருந்து பார்த்தால் சுவரின் மேல்பாதி தெரியும், குழாய் கதவுக்குக் கீழே போய்விடும், கையை நீட்டினால் காற்றைத்தான் தொடலாம். அப்படியானால் நான் எங்கே உட்கார்ந்து பார்த்தேன்? இரு, இரு, பதறாதே, ஒழுங்காக யோசி, அந்த மூன்று எண்ணிய நேரத்தை எடு, இதோ இருக்கிறது, ஏழு மாதமாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேனே, நீலத் துணி, முடிச்சு, ஒன்று, இரண்டு, மூன்று, என் குரல், சத்தமாக எண்ணுகிறேன், தனியாக வண்டி ஓட்டும்போது நான் சத்தமாக எண்ணுவேனா? கை எங்கே இருக்கிறது, முழங்காலில், இரண்டு கையும் முழங்காலில், மாணவர் நோட்டு மடியில், முன்னால் ஸ்டீயரிங் இல்லை. ஸ்டீயரிங் இல்லை. எத்தனை தடவை பார்த்தும் முன்னால் அந்தச் சின்னப் பெட்டி மூடிதான் இருக்கிறது, அதில் ஒட்டியிருக்கிற எங்கள் பள்ளியின் பேர். சரி, இதை விடு, அன்றைக்கு நடந்தது வேறு ஏதாவது இருக்கும், தேடு, வீட்டு வண்டியில், போன் அடித்தது, எங்க இருக்கீங்க, இதோ வந்துட்டேன் என்று சொன்னேன், ஏதோ ஒரு முக்கில் திரும்பினேன், பிறகு போலீஸ்காரனின் கை. நடுவில்? நடுவில் சுவர்தான். கிட்டத்தில் நிற்கிற சுவர். நான் ஆயிரம் தடவை நின்றிருக்கிறேன், அதில் ஒன்றை எடுத்து அந்த ஓட்டையில் சொருகியிருக்கிறேன், பெஞ்சுக்கு அடியில் காகிதம் சொருகின மாதிரி. நின்றேனா? நின்றிருக்கலாம். நிற்காமலும் போயிருக்கலாம். அந்த வேன் மறைத்தது போலீஸ்காரனுக்கு மட்டும்தானா?

அரைக் கிளட்ச் வாசிக்கிறாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது, தெளிவான, அவசரப்படாத குரல், தேதி, நேரம், நான் வண்டியை ஓட்டி வந்தேன், நிறுத்தக் கோட்டில் முழுமையாக நின்றேன், மூன்று எண்ணினேன், சுவரின் அடியில் குழாய், நீலத் துணி, ஜன்னல் வழியாகக் கை நீட்டினால் தொடும் தூரத்தில்... நிறுத்திவிட்டாள். மறுபடியும் அந்த வரிக்குப் போனாள், விரலை அதன் மேல் வைத்தாள், சத்தம் வராமல் வாசித்தாள், அந்தக் கோட்டில் நாற்பது தடவை ஓட்டுகிறவள் சீட்டில் உட்கார்ந்தவள் அவள், அங்கேதான் அழுதாள், குழாயைப் பார்க்கவில்லை என்பதற்காக. அங்கே உட்கார்ந்தால் குழாய் தெரியாது. தெரியாததை ஏன் பார்க்கவில்லை என்றுதான் நான் அவளை அன்றைக்கு நாலு ஹாரனுக்கு நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேரை அப்படிக் கேட்டேன்? சரியாகச் சொன்னவர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்கள், இறங்கிய பிறகு பார்த்து வைத்துக்கொண்டார்களா, மாஸ்டருக்கு இதுதான் பிடிக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களா? அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை, இருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன். காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள், பேனாவை அதன் மேல் வைத்தாள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி, அதற்கு மேலே நான் நின்றேன் என்கிற வாக்கியம், அவள் கையெழுத்தில், அழகான கையெழுத்து.

'ஒரு தடவ நல்லா படிச்சுப் பாருங்க மாஸ்டர்,' என்றாள், நீதிபதிக்குக் கேட்காத குரலில். 'திருத்தணும்னா இப்பவே திருத்திடலாம்.'

பேனாவை எடுத்துக்கொண்டேன். பின்னால் பெஞ்சு ஒரு பக்கம் சாய்கிற சத்தம், நீதிபதி தும்முகிறார், போலீஸ்காரன் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறான், கீழே மனைவி வண்டியோடு வந்திருப்பாள், பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன், நிறுத்த இடம் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பாள். ஒன்று. அரைக் கிளட்ச் காத்துக்கொண்டிருக்கிறாள், அவசரமே இல்லாத மாதிரி, நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. இரண்டு. மேசைக்கு அடியில் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.